சூரியனோட சேர்ந்து திரும்பும் பேனல், கூடவே பேட்டரி: ஊர் வீட்டு மாடிக்கு இது தேவையா?

சோலார் பேனல் ஒண்ணு சூரியகாந்திப் பூ மாதிரி காலையில கிழக்கே பார்த்து நிக்குது, சாயங்காலம் மேற்கே திரும்பிடுது. பக்கத்துல சுவத்துல மாட்டின வெள்ளைப் பெட்டி, அதுதான் லித்தியம் பேட்டரி. "பகல்ல பிடி, ராத்திரி செலவு பண்ணு, கரண்ட் பில் ஜீரோ"ன்னு பின்னாடி ஒரு குரல். இந்த மாதிரி வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். வீடியோல சுருக்கமா பேசின விஷயத்தை இங்கே கணக்கோட விரிவா பார்த்துடலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்குவோம். உங்களுக்கு சென்னையில வேலை. அப்பா, அம்மா இருக்கிறது தியாகதுருகத்துல, சேலம் – உளுந்தூர்பேட்டை ரோட்டை ஒட்டின சொந்த வீடு. மொட்டை மாடி காலியாத்தான் கிடக்கு. ஒரு ஏசி, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மோட்டார். ரெண்டு மாசத்துக்கு 620 யூனிட் ஓடுதுன்னு வைங்க. அப்பா போன் பண்ணி, "தம்பி, டிராக்கரும் பேட்டரியும் சேர்த்து போட்டுத் தரேங்கறான், என்ன சொல்ற?"ன்னு கேக்குறார். EMI கட்டப் போறது நீங்கதான்.

முதல்லயே பதிலைச் சொல்லிடறேன். அந்த மாடிக்கு ரெண்டும் வேண்டாம். ஆனா இது ஏமாத்து வேலை கிடையாது, நல்ல தொழில்நுட்பம்தான். குஜராத்துல ஆயிரக்கணக்கான ஏக்கர்ல இதை நம்பித்தான் பணம் போடுறாங்க. அங்கே லாபம் தர்றது இங்கே ஏன் தரலைங்கறதுதான் நாம பார்க்க வேண்டிய விஷயம்.

டிராக்கர் என்ன பண்ணுது?

பெரிய சோலார் பண்ணைகள்ல வடக்கு – தெற்கா ஒரு நீளமான இரும்புக் குழாய் போட்டு, அதுமேல பேனலை வரிசையா மாட்டியிருப்பாங்க. மோட்டார் அந்தக் குழாயை மெதுவா உருட்டும். பேனல் காலையில கிழக்கே சாயும், உச்சி வேளையில படுக்கும், மாலையில மேற்கே சாயும். வெளிச்சத்தைத் தேடித் திரும்புதுன்னு பலர் நினைக்கிறாங்க. பெரும்பாலான இடங்கள்ல அப்படி இல்லை. அந்த ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் தெரிஞ்சா சூரியன் எங்கே இருக்கும்னு கணக்குப் போட்டுடலாம். கன்ட்ரோலர் அந்தக் கணக்கை வச்சுத்தான் திருப்புது. காத்து பலமா அடிச்சா பேனலைப் பாதுகாப்பான கோணத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திடும்.

இதனால நம்ம ஊர் வெயிலுக்கு 15 முதல் 20 சதவீதம் வரை கூடுதல் மின்சாரம் எதிர்பார்க்கலாம். அந்தக் கூடுதல் மதியம் வர்றதில்லை, காலை 7 – 9 மணிக்கும் மாலை 4 – 6 மணிக்கும்தான் பெரும்பாலும் வருது. நிலையா மாட்டின பேனலோட ஒரு நாள் உற்பத்தியை வரைஞ்சா தியாகதுருகம் கோட்டை மலை மாதிரி இருக்கும்: சரசரன்னு ஏறி ஒரு உச்சி, உடனே இறக்கம். டிராக்கர் போட்டா கல்வராயன் மலை மாதிரி: ஏறினதும் மேலே நீளமா ஒரு சமவெளி.

வடக்கு – தெற்காவும் சாயற ரெண்டு அச்சு டிராக்கரும் இருக்கு. அது நமக்கு இன்னும் கம்மியாத்தான் உதவும். தியாகதுருகம் இருக்கிறது சுமார் 11.7 டிகிரி வடக்கு அட்சரேகையில. ஜூன் மாசம் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே கூட இல்லை, கொஞ்சம் வடக்கே சாஞ்சு இருக்கும். டிசம்பர்லயும் மதியம் சூரியன் 55 டிகிரி உயரத்துல நிக்கும். ஜெர்மனியில குளிர்காலத்துல சூரியன் அடிவானத்தை ஒட்டியே போயிடறதால அங்கே சாய்வு கோணம் பெரிய விஷயம். நமக்கு தெற்கு பார்த்து பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்ச்சு நட்டு போல்ட்டு போட்டு முடிச்சுட்டா, வருஷம் முழுக்க பெருசா எதையும் இழக்க மாட்டோம்.

இப்போ பில்லை எடுங்க

இந்தக் கணக்கு 2024 ஜூலையில வந்த கட்டண அட்டவணைப்படி. 2025 ஜூலை உயர்வை வீட்டு இணைப்புகளுக்கு அரசே ஏத்துக்கிச்சு. கட்டணம் மாறினா இதே முறையில புது எண்களைப் போட்டுக்கோங்க.

620 யூனிட்டுக்கு: முதல் 100 இலவசம். அடுத்த 300-க்கு 4.80 வீதம் 1,440 ரூபாய். அடுத்த 100-க்கு 6.45 வீதம் 645. அதுக்கடுத்த 100-க்கு 8.55 வீதம் 855. கடைசி 20 யூனிட்டுக்கு 9.65 வீதம் 193. மொத்தம் 3,133 ரூபாய்.

மாடியில 2 கிலோவாட் சாதாரண பேனல், அதாவது நாலே பேனல், நெட் மீட்டரோட போடறோம். ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட்னு வச்சா, ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். 620-ல 480 போனா மிச்சம் 140. 500-க்குள்ள வந்துட்டதால கட்டண வரிசையே மாறிடும். 100 இலவசம், மிச்ச 40 யூனிட்டுக்கு 2.35 வீதம் 94 ரூபாய்.

3,133 இருந்த இடத்துல 94. நெட்வொர்க் கட்டணம் மாதிரி சில்லறைகள் தனி, அதை உங்க பிரிவு அலுவலகத்துல கேட்டுக்கோங்க. ஆனா படம் இதுதான்.

இப்போ டிராக்கரைச் சேருங்க. 18 சதவீதம் கூடுதல்னு வைப்போம். 480 யூனிட் 566 ஆகுது. மிச்சம் 54 யூனிட், அது இலவச 100-க்குள்ள வந்துடுது. பில் ஜீரோ! விளம்பரம் சொன்னது பொய் இல்லை.

டிராக்கர் மிச்சம் பண்ணினது எவ்வளவு? 94 ரூபாய். வருஷத்துக்கு ஆறு பில், 564 ரூபாய். டிராக்கர் வெறும் 30,000 ரூபாய்க்குக் கிடைக்குதுன்னு ரொம்ப சல்லிசா வச்சாலும் போட்ட காசு திரும்ப 53 வருஷம் ஆகும். மோட்டாரும் பேரிங்கும் அத்தனை நாள் உயிரோட இருக்காது.

ஏன் இப்படி? தமிழ்நாட்டுக் கட்டணத்துல எல்லா யூனிட்டும் ஒரே விலை இல்லை. மேல் படியில இருக்கிற யூனிட் 8, 9 ரூபாய். கீழ்ப் படியில இருக்கிறது 2.35, அதுக்கும் கீழே இலவசம். முதல் 2 கிலோவாட் அந்த விலை உயர்ந்த மேல் படியைச் சீவி எடுத்துடுது. அதுக்கப்புறம் நீங்க சேர்க்கிற ஒவ்வொரு யூனிட்டும் ஏற்கனவே மலிவான யூனிட்டைத்தான் மிச்சப்படுத்துது. இதே காரணத்துக்காகத்தான் "3 கிலோவாட் போட்டா முழு மானியம் சார்"ங்கற பேச்சையும் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க. பிஎம் சூர்ய கர் திட்டத்துல முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். மூணாவது கிலோவாட்டுக்கு மானியம் குறைவு, உங்க வீட்டுல அது மிச்சம் பண்றதும் அதே 94 ரூபாய்தான். ரெண்டாவது ஏசி வரப்போகுது, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போறீங்கன்னா மட்டும் 3-க்குப் போங்க.

அப்படிக் கூடுதல் யூனிட் நிஜமாவே தேவைப்பட்டாலும் டிராக்கர் எதுக்கு? இன்னொரு பேனல் வாங்கி மாட்டுங்க. 550 வாட் பேனல் ஒண்ணு ரெண்டு மாசத்துல 130 யூனிட் தரும். அது பத்துப் பதினைஞ்சாயிரம் ரூபாய் சமாச்சாரம், அசையற பாகம் எதுவும் கிடையாது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். மாடியில தனியா கம்பத்துமேல சுத்தற ஒரு பேனலை அந்த நேரத்துல அப்பா போய் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.

சும்மா ஒப்பிட: 2 கிலோவாட் சாதாரண அமைப்பு 1,40,000 ரூபாய்னு வைங்க, மானியம் 60,000 போக உங்க கையை விட்டுப் போறது 80,000. மழை மாசம், குறைவா ஓடற மாசம் எல்லாம் கழிச்சு வருஷம் 15,000 மிச்சம்னா அஞ்சரை வருஷத்துக்குள்ள போட்டது வந்துடும். அதுவும் வரி இல்லாத மிச்சம். எந்த FD-யும் இதைத் தராது.

பேட்டரி? உங்ககிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு

அதோட பேர் நெட் மீட்டர். மதியம் உங்க பேனல் தர்ற மிச்ச யூனிட் வெளியே கம்பியில போகுது, ராத்திரி ஏசிக்கு அதே கணக்குல திரும்ப வருது. வாங்கின விலையும் குடுத்த விலையும் ஒண்ணு. வீட்டு இணைப்புக்கு நம்ம மாநிலத்துல இப்போதைக்கு பகலுக்கு ஒரு விலை, ராத்திரிக்கு ஒரு விலைன்னு கிடையாது. அப்புறம் எதைச் சேமிச்சு என்ன லாபம்?

சேமிச்சா நஷ்டம்தான். பேட்டரிக்குள்ள ஒரு யூனிட் போட்டா திரும்ப முழுசா வராது, பத்துல ஒண்ணு வழியிலேயே போயிடும். 5 யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரி 1,00,000 ரூபாய்னு வைங்க. தினமும் நாலரை யூனிட் எடுக்கிறீங்க, பத்து வருஷம் உழைக்குது. மொத்தம் 16,425 யூனிட். ஆக ஒரு யூனிட்டை ராத்திரி வரைக்கும் வச்சிருக்க வாடகை 6 ரூபாய்க்கு மேல. அதே வேலையை நெட் மீட்டர் கிட்டத்தட்ட சும்மா செய்யுது.

ஆனா ஒரு விஷயத்தை விற்கிறவங்க பல பேர் முன்கூட்டியே சொல்றதில்லை. கரண்ட் போனா, பேட்டரி இல்லாத சாதாரண சோலாரும் நின்னுடும். நல்ல வெயில்ல கூட! லைன்மேன் கம்பத்துல வேலை பார்க்கும்போது உங்க மாடியிலிருந்து கரண்ட் போய் அவரைத் தாக்கக் கூடாதுன்னு இன்வர்ட்டரே தன்னை அணைச்சுக்கும். அதனால வீட்டுல ஆக்ஸிஜன் மெஷின் வச்சிருக்கிற பெரியவங்க இருக்காங்க, இல்ல அடிக்கடி நீண்ட நேரம் கரண்ட் போற இடம்னா பேட்டரி வாங்குங்க. அது தேவைக்கான செலவு, முதலீடு கிடையாது. ஃபேனும் லைட்டும் ஓடினா போதும்னா வீட்டுல ஏற்கனவே இருக்கிற யூபிஎஸ் பேட்டரியே தாங்கும். மின் கம்பியே போகாத மலைக்கிராமத்துக் கதை வேற. அங்கே நெட் மீட்டரே இல்லை, பேட்டரி இல்லாம சோலார் ராத்திரிக்கு உதவாது.

அப்போ பெரிய ஆளுங்க ஏன் இதுல காசு கொட்டுறாங்க?

அவங்க பில்லைக் குறைக்கப் போடலை, மின்சாரத்தை விற்கப் போடுறாங்க. நாடு முழுக்க சோலார் குவிஞ்சதால மதியம் 12 மணி மின்சாரம் சந்தையில மலிஞ்சு போச்சு. சாயங்காலம் 7 மணிக்கு எல்லா வீட்டுலயும் லைட், டிவி, ஏசி ஓடும்போது சூரியன் இல்லை. அந்த நேரத்து யூனிட்டுக்குத்தான் மதிப்பு. மதியச் சரக்கை 7 மணிக்குக் கொண்டுபோறது பேட்டரி. சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் பேனலை வேலை வாங்கி, பேட்டரி சுமக்க வேண்டிய நேரத்தைக் குறைக்கிறது டிராக்கர். ரெண்டும் சேர்ந்தாத்தான் அந்தக் கணக்கு நல்லா வருது.

சத்தீஸ்கர் ராஜ்நந்த்காவ்ல 2024 பிப்ரவரியில தொடங்கி வச்ச 100 மெகாவாட் சோலார் திட்டத்துல 120 மெகாவாட்-மணி பேட்டரி இருக்கு. 40 மெகாவாட் வீதம் மூணு மணி நேரம் தரும். குஜராத் கட்ச்சுல, காவ்டாவுல, 538 சதுர கிலோமீட்டர்ல 30,000 மெகாவாட் இலக்கோட வளர்ற அதானி பண்ணையில பேனல்கள் டிராக்கர்ல ஏறித் திரும்புது. அங்கேயே 3,530 மெகாவாட்-மணி பேட்டரி வைக்கிறதா 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க. 2025 பிப்ரவரியில மத்திய மின்சார ஆணையம், புது சோலார் டெண்டர்கள்ல குறைஞ்சது 10 சதவீதத் திறனுக்கு ரெண்டு மணி நேர சேமிப்பு இருக்கணும்னு அறிவுரை குடுத்துச்சு.

விலையும் விழுந்திருக்கு. 2022-ல செக்கி நடத்தின பேட்டரி ஏலத்துல ஒரு மெகாவாட்டுக்கு மாசம் சுமார் 10.8 லட்சம் ரூபாய். 2024 மார்ச்ல குஜராத் ஏலத்துல 4.49 லட்சம். அந்த 4.49-ஐ நினைவு வச்சுக்கோங்க, கீழே திரும்ப வரும்.

நம்ம பக்கத்துலயும் டிராக்கர் புதுசு இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை 80 சதவீத மானியத்துல குடுத்த சோலார் பம்ப்செட்டுகள்ல தானாகத் திரும்பற டிராக்கர் இருந்துச்சு. காட்டுல அதுக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கே நெட் மீட்டர் இல்லை, மோட்டார் காலையில சீக்கிரமே எடுத்து சாயங்காலம் வரைக்கும் ஓடினா கரும்புக்குக் கூடுதலா தண்ணி பாயும். பேட்டரியும் வேண்டாம். தொட்டியில நிக்கிற தண்ணிதான் அங்கே சேமிப்பு, எனக்குத் தெரிஞ்சு அதைவிட மலிவான பேட்டரி கிடையாது!

"சரி, மாடிக்கு வேண்டாம். ஷேர் வாங்கலாமா?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். டிராக்கர், பேட்டரி ரெண்டும் எதிர்காலம்னா, அதைச் செய்யற கம்பெனியோட பங்கு ஏறணும் இல்லையா?

ஜென்சால் இன்ஜினியரிங் கதையைப் பாருங்க. சோலார் அமைப்புகளைக் கட்டிக் குடுக்கிற கம்பெனி. ஸ்கார்பியஸ் டிராக்கர்ஸ்ங்கற புனே நிறுவனத்தை 2023-ல தன் கைக்குள்ள கொண்டு வந்துச்சு. மேலே சொன்ன 4.49 லட்சம் ஏலத்துல 70 மெகாவாட் பேட்டரித் திட்டத்தை ஜெயிச்சதும் இதே கம்பெனிதான். டிராக்கர், பேட்டரி, சோலார், கூடவே மின்சாரக் கார். ரீல்ஸ்ல ஒரு பங்கைப் பத்திப் பேச இதுக்கு மேல என்ன வேணும்? 2024 ஜூன்ல பங்கு விலை 1,100 ரூபாய்க்கு மேல போச்சு.

2025 ஏப்ரல் 15-ல செபி இடைக்கால உத்தரவு போட்டுச்சு. இரேடா, பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் ரெண்டு பொதுத்துறை நிறுவனங்கள்கிட்டயும் வாங்கின 977.75 கோடி கடன்ல, 6,400 மின்சாரக் கார் வாங்கறதுக்குன்னு 663.89 கோடி. வாங்கினது 4,704 கார்தான், 567.73 கோடிக்கு. கம்பெனி போட வேண்டிய பங்கையும் சேர்த்துப் பார்த்தா 262.13 கோடிக்குக் கணக்கு தெரியலைன்னு செபி சொன்னது. அந்தப் பணத்துல ஒரு பகுதி குருகிராம்ல சொகுசு ஃபிளாட் வாங்கப் போச்சுன்னும் உத்தரவுல இருக்கு. புனே பக்கம் இருந்த கார் தொழிற்சாலையைப் பார்க்க பங்குச் சந்தை அதிகாரி போனப்போ ரெண்டு மூணு தொழிலாளிங்கதான் இருந்தாங்களாம். இது இறுதித் தீர்ப்பு இல்லை, இடைக்கால உத்தரவு. ஆனா உத்தரவு வந்த அன்னைக்கு பங்கு விலை 130 ரூபாய்க்குக் கிட்ட. ஜூன்ல கம்பெனி திவால் நடவடிக்கைக்குள்ள போயிடுச்சு.

இதுல டிராக்கர் தோக்கலை. சூரியனும் திசை மாறலை. செபி கேள்வி கேட்டது பணம் போன பாதையைப் பத்தி. உத்தரவுக்கு ஒரு மாசத்துக்கு மேல முன்னாடியே, 2025 மார்ச் முதல் வாரத்துல, கேர், இக்ரா ரெண்டு ரேட்டிங் நிறுவனங்களும் கம்பெனியோட கடன் தரத்தை 'டி'க்கு இறக்கிட்டாங்க. 'டி'ன்னா கடனைக் கட்டத் தவறிட்டாங்கன்னு அர்த்தம். இந்தத் தகவல் பொதுவெளியில, காசில்லாம, எல்லாருக்கும் கிடைச்சது. ஒரு "சோலார் பங்கு" வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனி பேரோட 'கிரெடிட் ரேட்டிங்'னு போட்டுத் தேடுங்க. புரமோட்டர் எவ்வளவு பங்கை அடகு வச்சிருக்கார்னு பங்குச் சந்தை தளத்துல பாருங்க. பத்து நிமிஷ வேலை. "சோலார் பார்க்ல பங்கு போடுங்க, மாசம் இவ்வளவு நிச்சயம்"னு வாட்ஸ்அப்ல வர்றதுக்கு அந்தப் பத்து நிமிஷம் கூட வேண்டாம், அழிச்சுடுங்க.

எப்போ திரும்பக் கணக்குப் போடணும்?

ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு. 2023 ஜூன்ல மத்திய அரசு திருத்தின நுகர்வோர் உரிமை விதிகள்படி, விவசாயம் தவிர மத்தவங்களுக்கும் நேரத்துக்கு ஏத்த விலை வரணும். வெயில் நேரத்துல குறைஞ்சது 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்துல வீடு மாதிரி இணைப்புகளுக்கு குறைஞ்சது 10 சதவீதம் அதிகம். அது நம்ம வீட்டுக்கு வந்தாலும் இப்போதைய 8.55 ரூபாய் படியில வித்தியாசம் சுமார் இரண்டரை ரூபாய்தான் வரும். பேட்டரி வாடகை 6 ரூபாய். அந்த வாடகை இறங்கி, விலை வித்தியாசம் ஏறி, ரெண்டும் சந்திக்கிற அன்னைக்கு பேட்டரி வாங்கலாம். இன்னைக்கு இன்வர்ட்டர் வாங்கும்போது பின்னாடி பேட்டரி சேர்க்கற வசதி எவ்வளவு கூடுதல் விலைன்னு மட்டும் கேட்டு வச்சுக்கோங்க. ரொம்ப சொல்லாம இருந்தா எடுக்கலாம்.

கடன் எடுக்கணும்னா பர்சனல் லோன் பக்கம் போகாதீங்க. சூர்ய கர் திட்டத்துக்கு பொதுத்துறை வங்கிகள் 3 கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாம, குறைஞ்ச வட்டியில குடுக்கிறாங்க. மானியம் நிறுவி முடிச்ச பிறகு மின் இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்க வங்கிக் கணக்குக்கு வரும். இங்கேதான் பல வீட்டுல வேலை நின்னு போகுது. ஊர் வீடுகள்ல ஈபி கார்டு இன்னும் தாத்தா பேர்லயே இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணும்போது ரெண்டு விஷயம் கேளுங்க: கார்டு யார் பேர்ல இருக்கு, போன வருஷத்து ஆறு பில்லுல எத்தனை யூனிட் ஓடியிருக்கு. தாத்தா பேர்ல இருந்தா முதல்ல பெயர் மாற்றத்துக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. யூனிட் எப்பவுமே 400-க்குள்ளதான்னா, சோலாரே அவசரம் இல்லை.